புயல் வராத நாட்டில் ஒரு சோபா

மலேசியாவுக்குப் புயல் வராது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் டியூஷன் சென்டரில் இதை நான் வருஷா வருஷம் சொல்லிக்கொடுக்கிறேன். பரீட்சையில் கேட்பார்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம், அதனால் வராது என்று எழுதினால் முழு மார்க். அதற்கு மேல் எழுதினாலும் அதே மார்க்தான் என்பதால் பிள்ளைகள் அதற்கு மேல் எழுதுவதில்லை.

ஆனால் நான் விடமாட்டேன். புயல் எப்படிப் பிறக்கிறது என்பதைச் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். முதலில் கடல் சூடாக வேண்டும், அதுவும் மேலாக மட்டும் அல்ல, நல்ல ஆழம்வரை. சூடான தண்ணீர் ஆவியாகி மேலே போகும். மேலே போனதும் கீழே காற்று குறையும். குறைந்த இடத்தை நிரப்பச் சுற்றியிருக்கும் காற்று ஓடி வரும், வரும்போது இன்னும் ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும். மேலே போன ஆவி குளிர்ந்து மழைத்துளியாகும்போது, கடலிடமிருந்து வாங்கிய சூட்டைத் திருப்பிக் கொடுக்கும். அந்தச் சூடு காற்றை இன்னும் மேலே தள்ளும். இப்படித் தன் பசியைத் தானே வளர்த்துக்கொள்ளும் சமாச்சாரம் அது. ஆனால் இவ்வளவு இருந்தாலும் அது புயல் இல்லை. சுழல வேண்டும். பூமி சுற்றுவதால் ஓடி வரும் காற்று கொஞ்சம் வளைந்து வருகிறது, அந்த வளைவுதான் சுழற்சி. நாம் இருக்கும் இடத்தில் அந்த வளைவு அநேகமாகக் கிடையாது. காற்று நேராக உள்ளே ஓடி பள்ளத்தை நிரப்பிவிடும், கதை முடிந்துவிடும்.

"அப்ப தப்பிச்சோம் லா டீச்சர்" என்று பின் பெஞ்சிலிருந்து யாராவது ஒருவன் சொல்வான்.

அங்கேதான் நான் சாக்பீஸைக் கீழே வைப்பேன். சுழலாத மேகமும் மழை பெய்யும்டா. சுழல்கிற புயலாவது தன் வழியைப் பார்த்துக்கொண்டு போகும். சுழலத் தெம்பில்லாத இந்தக் காற்றழுத்தத் தாழ்வு சில சமயம் நம் தலைக்கு மேலேயே உட்கார்ந்துகொண்டு கொட்டும். கிள்ளான் ஊர் ஆற்றின் கடைசியில், கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடலில் நீர் ஏறும் நேரத்தில் ஆற்றுத் தண்ணீரைக் கடல் வாங்காது, ஊருக்குள் திருப்பி அனுப்பும். இதை யாரும் நோட்டில் எழுதிக்கொள்ள மாட்டார்கள், ஏனென்றால் பரீட்சையில் வராது.

கிள்ளானில், ஆற்றுக்குப் பக்கத்தில், தாழ்வான ஒரு தாமான் குடியிருப்பில் என் அண்ணன் வீடு. மாடி வைத்த வரிசை வீடு. அப்பா ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர், ஓய்வு பெற்றபோது வந்த பணத்தை அந்த வீட்டில் போட்டு, பத்திரத்தை அண்ணன் பேரில் எழுதிவைத்தார். பிறகு பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. மேலே மூன்று ரூம். ஒன்றில் அண்ணனும் அண்ணியும். ஒன்று துணி மடிப்பதற்கு. ஒன்று ஆஸ்திரேலியாவில் படிக்கும் அவர்கள் பிள்ளையுடையது, அவன் இல்லாததால் பூட்டிக் கிடக்கும். பூட்டிக் கிடக்கும் ரூமுக்கு வாராவாரம் புது பெட்ஷீட் மாற்றுவாள் அண்ணி. அப்பா கீழே, சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், ஒரு திரைக்குப் பின்னால் கிடந்தார்.

நான் பிரிக்பீல்ட்ஸில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தேன். சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் ரயில் ஏறிப் போய் அப்பாவைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, ஷேவ் பண்ணிவிட்டு வருவேன். அந்த வீட்டில் என் பெயர் டீச்சர். மரியாதைக்கு அல்ல, நக்கலுக்கு.

அந்த டிசம்பரில் அண்ணன் புது சோபா செட் வாங்கியிருந்தான். மூன்று பேர் உட்காரும் நீள சோபா ஒன்று, இரண்டு பேர் உட்காருவது ஒன்று. கிரீம் கலர். கிரீம் கலர் என்பதால் கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக்கை அப்படியே விட்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் வீட்டில் புது சோபாவின் பிளாஸ்டிக்கைக் கழட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. சில வீடுகளில் அது தானாகக் கிழியும்வரை இருக்கும், வெயில் காலத்தில் தொடையெல்லாம் ஒட்டும், எழுந்திருக்கும்போது பர்ரென்று சத்தம் வரும், யாரும் சிரிக்கக் கூடாது. அண்ணி ஒரு நாள் குறித்திருந்தாள். கிறிஸ்துமஸ் அன்று எல்லாரையும் விருந்துக்குக் கூப்பிடும் ஓப்பன் ஹவுஸுக்குக் கோயிலிலிருந்து ஃபாதர் வருவார், அவர் உட்காரும்போதுதான் பிளாஸ்டிக் கழலும். அதுவரை யாரும் உட்காரக் கூடாது.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மழை பிடித்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொடங்கியது சனிக்கிழமை காலையிலும் ஒரே சுருதியில் பெய்துகொண்டிருந்தது. தென்சீனக் கடலில் கிளம்பிய ஒரு தாழ்வு நிலை நாட்டைக் குறுக்கே கடக்கிறது என்று போனில் பார்த்தேன். வகுப்பைக் கேன்சல் பண்ணிவிட்டு ரயில் ஏறினேன். கிள்ளான் ஸ்டேஷனிலிருந்து டாக்சி பிடித்துத் தாமான் முனையில் இறங்கியபோது கணுக்கால் தண்ணீர்.

"அண்ணே, முதல்ல அப்பாவ மேல ஏத்திடுவோம்" என்றேன், செருப்பைக்கூடக் கழட்டாமல்.

அண்ணன் ரோட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "வந்துட்டாங்க டீச்சரு. இங்க வெள்ளம் பஞ்சிர்லாம் வராது லா. நான் இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து லொங்காங் தண்ணி கேட்ட தாண்டினதில்ல."

"இது அந்த மழ இல்லண்ணே. சொன்னா கேளு."

"நீதான சொல்லிக்குடுக்குற, நம்ம நாட்டுக்குப் புயல் வராதுன்னு? அப்பறம் என்ன?" சொல்லிவிட்டு அண்ணியைப் பார்த்துச் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

அவன் கை கழுவி முடிப்பதற்குள் வாசல் லொங்காங் கால்வாய் நிரம்பி, தண்ணீர் கார் நிறுத்தும் இடத்துக்குள் வந்துவிட்டது. பழுப்பு நிறம், சாக்கடை வாடை. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர் பக்சிக் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வந்து, உங்கள் அப்பாவை முதலில் தூக்குங்கள், நான் ஒரு கை கொடுக்கிறேன் என்று மலாயில் சொன்னார். நல்ல மனுஷர். அண்ணன் அவரை உள்ளே கூப்பிட்டு அந்த இரண்டு பேர் உட்காரும் சோபாவின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னான்.

நான் வகுப்பில் வெள்ளத்துக்குத் தயாராவதைச் சொல்லிக்கொடுக்கும்போது வரிசை முக்கியம் என்பேன். முதலில் நடக்க முடியாதவர்கள், அப்புறம் நடக்க முடிந்தவர்கள். அப்புறம் மருந்து, அடையாள அட்டை, வீட்டுப் பத்திரம். மெயின் சுவிட்சை நிறுத்து, கேஸை மூடு. குடிதண்ணீர் மேலே போகட்டும். கை மிச்சமிருந்தால், நேரம் மிச்சமிருந்தால், பொருள். அண்ணன் வீட்டில் அண்ணி ஏற்கெனவே மேலே கொண்டுபோயிருந்தது முறுக்கு டின்கள், கேக் டின்கள், கிறிஸ்துமஸ் மரம், புதுத் திரைச்சீலை. அப்பாவின் மாத்திரைகள் பிரிட்ஜ் மேல் இருந்தன. நான் எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு மெயின் சுவிட்சை நிறுத்தினேன். "லைட்ட ஏன்டி நிறுத்துற, சோபா எங்கயாவது இடிச்சுக்கப் போகுது" என்று அண்ணி மேலேயிருந்து கத்தினாள்.

இரண்டு பேர் சோபா மேலே போய்விட்டது. பக்சிக்குக்கு அவர் வீட்டைப் பார்க்க வேண்டும், போய்விட்டார். தண்ணீர் வீட்டுக்குள் வந்து பாதத்தை நனைத்தது.

"இப்பவாவது அப்பாவத் தூக்குவோம் அண்ணே."

"இந்தப் பெருச ஏத்திட்டுத் தூக்குவோம். அப்பா என்ன வெயிட்டு? எலும்பும் தோலும். எப்ப வேணாலும் ஒரே தூக்கு. இது ஊறிப்போச்சுன்னா யாரு தூக்குறது? பிடி, பேசிக்கிட்டு நிக்காத."

அவன் இல்லாமல் அப்பாவை மாடிக்குத் தூக்க என்னால் முடியாது. அது அவனுக்கும் தெரியும். நான் பிடித்தேன். அவன் மேலேயிருந்து இழுத்தான், நான் கீழேயிருந்து தள்ளினேன். படி வளைகிற இடத்தில் அண்ணி கம்பிக் கைப்பிடிக்கு மேலாகக் குனிந்து, பார்த்து, பார்த்து, கிழியாமல், என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வளைவில் சோபாவின் கால் கம்பிக்குள் நுழைந்து மாட்டிக்கொண்டது. அவன் பலம் கொண்ட மட்டும் இழுத்தான். முதுகுப் பக்கம் சுவரில் பதிந்தது, நனைந்த பிளாஸ்டிக் பெயின்டோடு ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் அது மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

படியில் ஒரு பூனை நுழைய இடமில்லை. சோபாவுக்கு மேலே அண்ணனும் அண்ணியும் முறுக்கும். சோபாவுக்குக் கீழே நானும் அப்பாவும் தண்ணீரும்.

ஒரு லைனில் வண்டி நின்றால் பின்னால் எதையும் விடமாட்டேன் என்று அப்பா சர்வீஸ் கதை சொல்வார். அவர் வீட்டின் ஒரே லைனில் ஒரு சோபா நின்றுகொண்டிருந்தது.

தண்ணீர் வீட்டுக்குள் பாய்ந்து வரும் என்றுதான் நினைத்திருந்தேன். அது அப்படி வரவில்லை. சத்தமில்லாமல் உயர்ந்தது. முழங்கால், தொடை. அப்பாவுடையது ஆஸ்பத்திரிக் கட்டில், அதைக் கைப்பிடி சுற்றி முடிந்தவரை உயர்த்தினேன். மெத்தை நனையத் தொடங்கியதும் அவரைக் கக்கத்தில் கைகொடுத்து இழுத்து, பக்கத்திலிருந்த சாப்பாட்டு மேசைமேல் ஏற்றிச் சுவரோடு சாய்த்து உட்காரவைத்தேன். மேசையில் கிறிஸ்துமஸ் படம் போட்ட புது விரிப்பு. அவர் அதன்மேல் நடுங்கிக்கொண்டிருந்தார். வெளியே பார்த்தேன், கேட்டுக்கு வெளியே கார்களின் கூரை மட்டும் தெரிந்தது. தண்ணீர் தெருவில் ஓடிய வேகத்தைப் பார்த்தால், அவரைத் தூக்கிக்கொண்டு கதவைத் தாண்டுவது நடக்காது என்று தெரிந்தது. படி ஒன்றுதான் வழி.

"அண்ணே, ஒடச்சித் தள்ளு!"

"இரு, இரு. கால மட்டும் கழட்டிட்டா வந்துடும். ஸ்க்ரூடிரைவர் கீழ இருக்கு, தேடு."

வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீரில் பிரிட்ஜ் மிதக்கத் தொடங்கியிருந்தது. அதில் அவனுக்கு ஸ்க்ரூடிரைவர் தேட வேண்டுமாம். சமையலறைச் சுவரில் தேங்காய் வெட்டும் பாராங் தொங்கிக்கொண்டிருக்கும். தண்ணீரைத் துழாவிப் போய் அதை எடுத்துக்கொண்டு படியேறினேன்.

முதல் வெட்டு பிளாஸ்டிக்கில் விழுந்ததும் மேலே அண்ணி அலறினாள். "ஐயையோ, வெட்டுறாங்க! பாத்துக்கிட்டு நிக்குறீங்களே!"

"ஏய், வெட்டாதடி! தண்ணி இதோட நின்னுடும்! பொறுமையா இரு!" என்றான் அண்ணன்.

நான் அவர்களை மதிக்கவில்லை. ஆனால் பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது. பக்கவாதம் வந்தபிறகு அப்பா வாய் கோணி, ஒன்றிரண்டு சொல்தான் பேசுவார், தண்ணி, வலி, போதும். அன்று மேசைமேல் உட்கார்ந்துகொண்டு, எச்சில் வழிய, மூச்சு வாங்கி வாங்கி ஒரு முழு வாக்கியம் சொன்னார்.

"வெட்டாதம்மா... பாவம்... ஆசயா வாங்கிருக்கான்."

நான் திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் அவர் மடிக்கு வந்திருந்தது. அந்த நேரத்தில் எனக்கு அண்ணன்மேல் வந்த கோபத்தைவிட அவர்மேல்தான் அதிகம் வந்தது. வாராவாரம் குளிப்பாட்டியவள் நான். திரைக்குப் பின்னால் போட்டவன் அவன். "நீங்க வாய மூடுங்கப்பா" என்று கத்திவிட்டு வெட்டினேன். இன்றைக்கும் அந்தச் சொல்லுக்காக நான் வருத்தப்படவில்லை.

உள்ளே மட்டமான பலகைதான். மேலேதான் பகட்டு. பஞ்சு, ஸ்பிரிங், பலகை என்று பிய்த்து எறிந்தேன், பஞ்சும் பலகையும் தண்ணீரில் மிதந்தன. கை கொப்புளித்து உடைந்தது. ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தபோது தண்ணீர் அப்பாவுக்கு மார்பளவு. அவரை மேசையிலிருந்து தண்ணீரில் இறக்கி, மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைத் தாங்கிக்கொண்டு படிவரை இழுத்து வந்தேன். தண்ணீரில் அவருக்கு எடையே இல்லை. அன்றைக்கு எனக்கு உதவி செய்தது அந்த வெள்ளம் ஒன்றுதான்.

ஓட்டை வழியாக அவர் தலையை நுழைத்தேன். அண்ணன் அவர் கைகளைப் பிடித்து இழுத்தான். ஸ்பிரிங் ஒன்று அப்பாவின் தொடையை நீளமாகக் கிழித்தது. மாடிக்கு ஏறிவிட்டார்.

நான் ஏறிப் போனபோது அவர் மாடி வராந்தாவில் வெறும் சிமென்டில் கிடந்தார், அடியில் தண்ணீரும் ரத்தமும் ஓடிக்கொண்டிருந்தன. பிள்ளையின் ரூம் கதவு பூட்டியிருந்தது.

"அண்ணி, அந்த ரூமத் தொறங்க. அப்பாவ மெத்தையில போடணும்."

"அது அவன் பெட்டு டீச்சர். அப்பா சாக்கடத் தண்ணியில ஊறிட்டு வந்துருக்காங்க, பாரு. கிறிஸ்துமஸுக்குப் பிள்ள வருவான்ல?" கொஞ்சம் யோசித்தாள். யோசித்து, இரண்டு பேர் சோபாவைக் காட்டினாள். "அதுல படுக்க வை. பிளாஸ்டிக்க மட்டும் கழட்டிடாத."

நல்ல உயரம் அப்பா. இரண்டு பேர் சோபாவில் கால் முட்டிக்குக் கீழே வெளியே தொங்கியது. உடம்பைத் துடைத்து, துணி மடிக்கும் ரூமில் கிடைத்த உலர்ந்த துணியையெல்லாம் போர்த்தினேன், தொடையில் துண்டைக் கட்டினேன். ஆனால் பிளாஸ்டிக் ஈரத்தை உறிஞ்சாது. ஈரமும் மூத்திரமும் ரத்தமும் அவருக்கு அடியிலேயே தேங்கின. நான் துடைக்கத் துடைக்கத் தேங்கின. உதறிக்கொண்டே இருந்தார். மறுநாள் மீனவர்கள் படகு கொண்டுவந்து ஜன்னல் வழியாக எங்களை இறக்கும்வரை அப்படித்தான் கிடந்தார். படகில் ஏறும்போது அண்ணி முறுக்கு டின் இரண்டைக் கையில் வைத்திருந்தாள், வழியில் பசிக்கும் என்று.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார்கள். நுரையீரல். கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது.

அடக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காப்பியோடு அந்த முறுக்கைத்தான் கொடுத்தோம். கொஞ்சம்கூட நமுத்துப்போகவில்லை, எல்லாரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அண்ணன் சட்டையில் துக்கத்துக்கான கறுப்பு பட்டனைக் குத்திக்கொண்டு ஒவ்வொருவரிடமும் சொன்னான்: "யாருக்கு அங்கிள் தெரியும்? தங்கச்சியே ஜியாகரபி டீச்சர். அதையே கேளுங்க, நம்ம நாட்டுக்குப் புயல் வராதுன்னு அதுதான் பாடம் நடத்துது. படிச்சவங்களுக்கே தெரியல, நமக்கு எப்படித் தெரியும்? கடவுள் சித்தம்." நான் ட்ரேயை ஏந்திக்கொண்டு நின்றேன். அங்கிள்மார் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

ஜனவரியில் வகுப்பு திறந்தது. முதல் டெஸ்டில் அதே கேள்வி. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் மலேசியாவுக்குப் புயல் வராது என்று எல்லாரும் எழுதியிருந்தார்கள். எல்லாருக்கும் முழு மார்க் போட்டேன், சரியான விடைதானே. பேப்பரைத் திருப்பிக் கொடுக்கும்போது மட்டும், மாடிப்படியில் எதையும் வைக்காதீர்கள் என்று சொன்னேன். ஏன் டீச்சர் என்று ஒருத்தி கேட்டாள். ஆள் ஏற வேண்டியிருக்கும் என்றேன்.

நாற்பதாம் நாள் பூசைக்கு அண்ணன் வீட்டுக்குப் போனேன். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டின்மேல் பெயின்ட் அடித்துவிட்டார்கள். திரை கட்டிய கம்பியைக்கூடக் கழட்டிவிட்டார்கள். அப்பாவின் கட்டில் இருந்த இடத்தில் ஹாலைப் பார்த்தபடி அந்த இரண்டு பேர் சோபா போட்டிருந்தது. ஃபாதர் ஜெபம் சொல்லி வீட்டை மந்திரிக்க வருகிறார் என்பதால், அண்ணி கத்தரிக்கோலோடு மண்டியிட்டு, பிளாஸ்டிக்கை ஓரம் ஓரமாக வெட்டிக் கழட்டிக்கொண்டிருந்தாள். ஃபாதர் வந்தார், அதில் உட்கார்ந்தார், அப்பாவின் ஆத்துமாவுக்காக ஜெபித்தார், பலகாரம் சாப்பிட்டார், போனார்.

அண்ணி எனக்கு ஒரு கப் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சோபாவைத் தட்டிக்காட்டினாள்.

"உக்காரு லா டீச்சர். எவ்ளோ மெத்துன்னு இருக்கு பாரு."

குனிந்து பார்த்தேன். அப்பா நனைந்து உதறிக்கொண்டு கிடந்த இடத்தில் ஒரு பொட்டுக் கறை இல்லை. கடையிலிருந்து வந்த மாதிரியே இருந்தது. நான் கையிலிருந்த காப்பியை அதன்மேல் ஊற்றினேன், கப் காலியாகும்வரை, நிதானமாக.

அண்ணி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு பக்சிக் வெளியே ஓடிவந்தார். அப்பாவுக்காக அந்த வீட்டில் யாரும் அவ்வளவு சத்தமாக அழவில்லை.